நிக்காஹ் பதிவை நாளைக்குத் தள்ளாதீர்



நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும் சஹன் சாப்பாட்டுக்கு விரையும் அவசரத்தில், "பதிவைப் பிறகு பார்ப்போம்" என்போர் நம் மடவளையிலும் உளர்.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, பதியப்படாமையால் மட்டும் நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. இதனையே சிலர் சாக்காகக் கொள்கின்றனர். ஆயினும் அடுத்த பிரிவு, பதியும் கடமையை மணமகன், வலி, நிக்காஹ்வை நடத்தியவர் ஆகிய மூவர்மீதும் சுமத்துகின்றது. அம்மூன்றாமவர் பெரும்பாலும் எம்போன்ற மௌலவிமார்தாம்!

கணவன் கைவிட்டபின் மஹரும் தாபரிப்பும் கேட்டுக் காதி நீதிமன்றத்தில் நிற்பவள், பதிவு இல்லையெனில் தான் மனைவி என்பதையே முதலில் நிரூபிக்க நேரிடும். அவன் மௌத்தானால் வாரிசுப் பங்கிலும் இதே சங்கடம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. கொடுபடாத மஹரும் கடனன்றோ?

ஆகவே விவாகப் பதிவாளர் எழுதுகையில் மஹர் தொகையைக் கவனியுங்கள். பெயர்கள் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உள்ளவாறே அமைந்தனவா என ஒப்பிடுங்கள். மேற்படி சட்டம் இயற்றப்பட்டபோது மணமகளின் கையொப்பம் கோரப்படவில்லை. பெற்றோரே, அதனைக் காரணமாக்கி மகளின் சம்மதத்தைக் கேளாதிராதீர். எழுதப்படுவதை அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சான்றிதழின் பிரதி பின்னர் தேவைப்படின், பதிவு நடந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். மடவளையார்க்கு அது பாத்ததும்பறை. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடுவது இலகு. அவற்றை இன்றே வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.