பச்சை விளக்கு யாரைக் கேட்டு எரிகிறது?

ஸ்டேஷன் சிக்னலின் இயல்பான நிறம் சிவப்பு. பச்சை, ஒவ்வொரு ரயிலுக்கும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டிய அனுமதி. முன்னால் பாதை காலியா, ரயிலை லைன் மாற்றும் பாயின்ட் உரிய லைனுக்குத் திரும்பிப் பூட்டிக்கொண்டதா, ரயில்வே கேட் மூடியாயிற்றா? இதில் ஒன்று குறைந்தாலும், ஸ்டேஷன் மாஸ்டர் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் சிவப்பு மாறாது. இந்தப் பிணைப்புக்குப் பெயர்தான் இன்டர்லாக்கிங்.

பாதை காலி என்பதைத் தண்டவாளமே சொல்லும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட் அது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடி, மறுமுனையில் ரிலே எனும் மின்காந்த ஸ்விட்சைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். ரிலே விழும், சிவப்பு எரியும். பேட்டரி தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் தண்டவாளமே உடைந்தாலும் அதேதான். கெட்டுப்போவதாக இருந்தாலும் ரயிலை நிறுத்திவிட்டே கெடட்டும் என்று அன்றே யோசித்தார்களே, அந்த அறிவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்படியானால் பாலசோர்?

2023 ஜூன் 2 மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்திலுள்ள பாஹநாகா பஜாரில் மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. பாயின்ட்டோ பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் போய் மோதியது எக்ஸ்பிரஸ். 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பக்கத்து ரயில்வே கேட்டில் தடுப்பை மாற்றும் வேலையின்போது கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டன. கம்பிகள் இணையும் பெட்டிக்குள் இருந்த பெயர்ச்சீட்டுகளும் தவறு. லூப் லைனுக்குத் திரும்பிய பாயின்ட், மெயின் லைனில் இருப்பதாக இன்டர்லாக்கிங்குக்குப் பொய்த்தகவல் போனது. அதை நம்பி அது பச்சை காட்டியது.

நெஞ்சு கொதிப்பது இதற்காக: அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில், 2022 மே 16 அன்றே தவறான கம்பி இணைப்பால் இப்படி ஒன்று நடந்திருந்தது. அப்போதே திருத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையே சொல்கிறது.

லண்டனின் கிளாபம் சந்திப்பில் 1988 டிசம்பர் 12 அன்று ரயில்கள் மோதி 35 பேர் இறந்ததும் கம்பியால்தான். கழற்றி அகற்றாமல் விட்ட பழைய கம்பி ஒன்று ரிலேயைத் தொட்டது. அந்தக் கம்பி வேலையைச் செய்த தொழிலாளி 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார். அவர் வேலையை இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்கவும் இல்லை.

பாலசோருக்குப் பின் ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டு போட உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால், அந்தக் கம்பிகளைத் தொட்டவர்கள் ரயில்வே ஊழியர்கள். அவர்கள் கையில் இருந்திருக்க வேண்டியது சரியான வரைபடம். பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது, பச்சை எரியும் முன் பாயின்ட்டை நேரில் போய்ப் பார்த்துவரும் இன்னொரு ஆள்.