பாறையின் வெப்பமும் நிலத்தின் நடுக்கமும்

பூமியைத் தோண்டத் தோண்ட வெப்பம் மிகுகிறது. பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். ஆழத்துப் பாறையோ இறுகியது, நீரோட்டம் அற்றது. அதிலுள்ள வெப்பத்தைக் கொணர வேண்டுமாயின், பேரழுத்தத்துடன் நீரைச் செலுத்திப் பழைய வெடிப்புகளைத் திறத்தல் வேண்டும்.

சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. வெடிப்பின் இரு புறத்துப் பாறைகளும் ஒன்றையொன்று நெருக்கி, உராய்வின் வலிமையால் நகராமல் நிற்கின்றன. இடையே புகும் நீர் அந்நெருக்கத்தைத் தளர்த்துகிறது. நெடுங்காலம் அடங்கியிருந்த விசை பாறையை வழுக்கச் செய்கிறது. அதுவே நடுக்கம். சிறு வழுக்கல்கள் வேண்டியவையே. அவையின்றி நீருக்கு வழி எளிதில் திறவாது. பெரியது வராமற் காப்பதே பொறியியலாரின் கவலை.

ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல், 1356-ல் பூகம்பத்தால் பாழான நகரம். அங்கே 2006 டிசம்பர் 2-ஆம் நாள், 5 கிலோமீட்டர் ஆழத்துளையில் நீரைச் செலுத்தலாயினர். போக்குவரத்து விளக்கைப் போல், நடுக்கம் இன்ன அளவை எட்டினால் குறைப்பது, இன்ன அளவை எட்டினால் நிறுத்துவது என்று முன்னரே விதியும் வகுத்திருந்தனர். 8-ஆம் நாள் நடுக்கங்கள் வலுக்கவே நிறுத்தினர். ஆயினும் சில மணி நேரத்துக்குப் பின் 3.4 அளவுள்ள அதிர்ச்சி நகரை உலுக்கியது. விதி மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பம்பு நின்றாலும் பாறையிடுக்குகளில் அழுத்தம் பரவிக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கு அதை அறியாது. 2009-ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தென் கொரியாவின் போஹாங்கில் நேர்ந்தது இன்னும் கொடிது. 2017 ஏப்ரலில் 3-க்கு மேற்பட்ட நடுக்கமொன்று எச்சரித்தது. பணி பின்னர் தொடர்ந்தது. நீர் செலுத்துவது நின்று ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 15-ல், 5.4 அளவுள்ள பூகம்பம் வீடுகளைச் சிதைத்துப் பலரைக் காயப்படுத்தியது. முன்பு அறியப்படாத பிளவொன்றை அந்நீர் தூண்டிற்றென 2019-ல் ஆய்வுக்குழு உரைத்தது. ஏப்ரல் மாதத்தையே முடிவாகக் கொண்டிருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

பின்லாந்தில், ஹெல்சின்கிக்கு அருகே, 2018-ல் வேறு வழி கண்டனர். உச்சவரம்பு 2.1 என்று அதிகாரிகள் விதித்தனர். துளைகளுக்குள் கருவிகளை இறக்கி, சிறு அதிர்வுகளையும் உடனுக்குடன் அளந்து, நீரின் வேகத்தை மாற்றியும் இடையிடையே ஓய்வு தந்தும் 49 நாட்கள் செலுத்தினர். 6 கிலோமீட்டர் ஆழத்தில் புகுந்த நீர் சுமார் 18,000 கன மீட்டர். பாஸலில் செலுத்தியதைவிட மிகுதி. எழுந்த பெரும் நடுக்கம் 1.9 மட்டுமே. பாறையின் இயல்பும் துணை செய்திருக்கலாம். ஆனால் இரு துளைகளுக்கிடையே வாணிபத்துக்குப் போதிய நீர் ஓடவில்லை.