தோட்டாவின் கழுத்து

பித்தளைக் குத்துவிளக்கைக் கடைசற் பட்டறையில் ஏற்றிக் கடைவதைப் பார்த்தவர்கள் நம்மிற் பலர். துவக்குத் தோட்டாவின் கோதையும் அவ்வாறே கடைவார் உண்டு என்றால் வியப்பாகவே இருக்கும். அமெரிக்கா முதலிய நாடுகளில் இலக்குச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோர், சுட்டு முடிந்த கோதை எறிந்துவிடுவதில்லை. புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்துவர். அதற்கு முன்பு, சன்னத்தைப் பற்றி நிற்கும் கழுத்துப் பகுதியை ஒரு சிறு கோலில் மாட்டிச் சுழற்றி, கூரிய அலகினால் வெளிப்புறத்தை மெல்லச் சீவுவர்.

கழுத்துச் சுவரின் தடிப்பே ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்குதான். அதிற் சீவப்படுவதோ அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறு, மிஞ்சினால் இரண்டு கூறு. இத்துணைச் சிறு வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு? சுவர் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால், சன்னம் குழலின் நடுவச்சில் நேராக அமையாது. சாய்ந்து புறப்படுவது குறியிற் சேர்வதும் அரிது. கழுத்து மிகத் தடித்திருப்பின் சன்னத்தை விடுவிக்க இடமின்றி அமுக்கம் ஏறும். மிக மெலிந்தால் சில முறை சுட்டதும் பிளந்துவிடும்.

பிளவு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகின்றது. மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நலம். தோட்டாக் கோது, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்த பித்தளை. குளிர்ந்த நிலையில் இழுத்தும் அழுத்தியும் அதனை உருவாக்குவதால், உலோகத்தினுள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களிற் சேமித்து வைத்தனர். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, யாரும் தொடாமலே பல கோதுகள் சன்னத்தைப் பற்றிய இடத்தில் வெடித்திருந்தன! பருவத்தோடு வந்தமையால் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயராயிற்று. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் உள்ளிறுக்கமும் கூடிச் செய்த வினை இது என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்போர் விளக்கினர். பரிகாரம் எளிது: அளவோடு சூடாக்கி இறுக்கத்தை இளக்கிவிடுவதே. அடிக்க அடிக்க இறுகும் பித்தளையை இடையிடையே உலையிற் காட்டி இளக்கும் நம் ஊர்க் கன்னாருக்கு இது புதுமையன்று.

வன்னிப் பிள்ளைகளுக்குத் தோட்டாக் கோது பாடநூலிற் காணும் பொருளன்று. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. எனினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மண்ணில் அதன் உலோகம் எஞ்சியே இருக்கின்றது. பழைய இரும்பும் பித்தளையும் விலைபோகும் என்று பொறுக்கப் போய் உயிரையும் கைகால்களையும் இழந்தோர் உளர். பச்சை பூத்துவிட்டது, மழையில் நனைந்துவிட்டது என்பதனால் ஒரு தோட்டா செத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. நனைந்த மருந்துக்கு மேலேயும் கேப்பு உயிரோடிருக்கலாம். கோது வெறுமையா, நிறைந்ததா என்று கையிலெடுத்துச் சோதிப்பது பிள்ளைகள் செய்யும் வேலையன்று. கண்ட இடத்திலேயே விட்டு, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ தெரிவித்தல் வேண்டும். இந்நாட்டில் சுடுகலன்கள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கும், வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்துக்கும் உட்பட்டவை என்பதையும் பெற்றோர் மனத்திற் கொள்க.

முகமாலையிற் கண்ணிவெடி அகற்றியோரின் வேலையை எண்ணிப் பாருங்கள். உலோகங்காட்டும் கருவிக்குக் கண்ணிவெடியும் ஒன்றே, வெற்றுக் கோதும் ஒன்றே. இரண்டுக்கும் அது ஒலிக்கும். ஒவ்வோர் ஒலிக்கும் முழந்தாளிட்டு, மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்ட வேண்டும். அரை நாள் உழைப்பின் முடிவில் மண்ணிலிருந்து வெளிப்படுவது, கழுத்து வெடித்த ஒரு பித்தளைக் கோதாகவும் இருக்கலாம்.