அணிமுறை விலகலும் தனியாள் அடையாளமும்: புறநானூற்றுப் பாடல்கள் இரண்டும் ஆண்டாள் வரலாறும்

அணிகலன் அதன் உருவால் மட்டும் பொருள் தருவதன்று. எவர், எவ்வுறுப்பில், எப்பருவத்தில் அணிகின்றார் என்பதாலும் பொருள் பெறுகின்றது. தொடி, குழை, கழல், கண்ணி எனப் பெயர்களைத் தொகுப்பதோடு ஆய்வு நின்றுவிடின், வழக்கினின்று விலகி அணியும் இடங்கள் கருத்தில் படாமற் போகும்.

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்று 77ஆம் பாடல் இதற்குத் தக்க சான்றாகும். கிண்கிணி களைந்த காலில் கழல். குடுமி களைந்த தலையில் வேப்பந்தளிரும் உழிஞைக்கொடியும். குறுந்தொடி கழித்த கையில் வில். பிள்ளைமைக்குரிய அணி ஒவ்வொன்றும் நீங்க, அவ்விடத்தில் போர்க்கோலம் அமைகின்றது. தேரில் நிற்கும் இவன் யாவன் என்னும் வினா இதன்பின் எழுகின்றது. அதன் பின்னரே, மார்பில் தார் பூண்டும் தாலியை மட்டும் அவன் இன்னும் களையவில்லை என்கிறார் புலவர். இத்தாலி சிறார்க்குக் காப்பாக அணிவிக்கும் ஐம்படைத்தாலி என்பர். அதனையும் களைந்திருப்பின் அவன் வீரருள் ஒருவன். கழலும் தாரும் இல்லையாயின் வெறும் சிறுவன். இரண்டும் ஓருடலில் ஒருங்கிருத்தலே ‘யார்’ என்னும் வினாவிற்கு விடையாகின்றது. பாடல் காட்டுவது மன்னனின் ஒப்பனை விருப்பத்தை அன்று. பொருந்தா அணியொன்றைக் கொண்டு ஒருவனைத் தனித்தறியும் புலவர் பார்வையையே. பால்குடி மறந்து இன்றுதான் சோறுண்டான் என்பது உயர்வு நவிற்சியே. தாலியை அவ்வாறு தள்ளிவிட இயலாது.

இடம் மாறி அணிதல் யாவும் தனித்தன்மை ஆகிவிடாது. வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய 271ஆம் பாடலில், மகளிர் இடையில் தழையாக உடுத்த நொச்சியை வீரன் தெரியலாகச் சூடுகின்றான். குருதி படிந்த அதனை ஊன் எனக் கருதிப் பருந்து கவர்கின்றது. காட்சி அதிர்ச்சி தருவதாயினும், எயில் காப்போர் நொச்சி சூடுதல் மரபு. இங்கு அணியின் இடத்தை மாற்றியது திணை ஒழுக்கமேயன்றித் தனியாள் அல்லன்.

ஆண்டாள் வரலாறு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைத் தாம் முன்னர்ச் சூடி அழகு பார்த்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். மாலை அதுவே, சூடும் முறையும் அதுவே, சூடியவரும் சூடிய காலமுமே வழக்கிற்கு மாறானவை. பெரியாழ்வார் அதனைக் குற்றமெனக் கொண்டு சாத்தாது விடுக்க, இறைவனோ சூடிய மாலையையே வேண்டினான் என்பது வரலாறு. ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’ என்னும் பெயரே அவ்விலகலால் அமைந்தது. பிறர் எவர்க்கும் பொருந்தாத அப்பெயர்க்குக் காரணமான செயல், காலப்போக்கில் கோயிலொழுங்கின் உறுப்பாயிற்று: திருமலைப் பிரம்மோற்சவக் கருட சேவைக்கு இன்றும் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலையே செல்கின்றது.