ஜீப்பே படுக்கையறை... கொடைக்கானல் குளிரில் ஜன்னலை மூடாதீங்க!

தொடர் விடுமுறை வந்தாலே கொடைக்கானலில் அறை கிடைப்பது குதிரைக்கொம்புதான். கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். அதனால் தார், ஜிம்னி, கூர்க்கா, பொலிரோ மாதிரியான வண்டி வைத்திருப்பவர்கள், ‘அறையைத் தேடி ஏன் அலைய வேண்டும்? வண்டியிலேயே படுத்துவிட்டால் என்ன?’ என்று கிளம்பிவிடுகிறார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் அது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படரும். அந்தக் குளிரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே கதகதப்புக்கு ஏதாவது செய்யலாம் என்பதுதான். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

உயிரைப் பறித்த அடுப்பு

2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள், இறைச்சி சுட்டுச் சாப்பிட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் இருவர் எழுந்திருக்கவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று பிறகு தெரியவந்தது.

இரண்டு இடத்திலும் உயிரைப் பறித்தது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது.

ஒரு விடுதி அறையிலேயே இந்த நிலை என்றால், ஜீப்புக்குள் இருக்கும் இடம் அதில் சிறு பங்குகூட இல்லை. அதனால் கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ், மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவுமே வண்டிக்குள் எரியக் கூடாது. ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு விரல் இடைவெளி

எதிரெதிராக இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வையுங்கள். கதவுக்கு மேலே ‘டோர் வைசர்’ இருந்தால் மழைச் சாரலும் உள்ளே வராது. அந்த இடைவெளியில் கொசுவலைத் துணியைக் காந்தத் துண்டுகளால் ஒட்டிவிடலாம்.

இன்னொரு பயனும் உண்டு. இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் இருக்கும் ஈரம், குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து வழியும். காலையில் போர்வை நனைந்திருக்கும். காற்று போய் வந்தால் இந்தத் தொல்லை குறையும்.

படுக்கை எப்படி?

ஆறடி மனிதர் காலை நீட்ட 183 சென்டிமீட்டர் வேண்டும். புறப்படும் முன்பே வீட்டு வாசலில் டேப் வைத்து அளந்து, ஓர் இரவு படுத்தும் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னியில் முன்சீட்டின் தலையணையைக் கழற்றிச் சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்து நீளமான படுக்கையாகும். மற்ற வண்டிகளில் பின்சீட்டை மடக்கி, மேடு பள்ளத்தின் மேல் 12 மி.மீ. பிளைவுட் பலகை போடலாம். அதன் கீழே சாமான் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம்.

பலகை கழற்றி மாட்டும்படியே இருக்கட்டும். கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சீட்டை நிரந்தரமாகப் பிடுங்கிவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வரும்.

குளிர் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் ஏறும். பலகைமேல் கோரைப்பாய், அதன்மேல் மூன்று அங்குல மெத்தை, பிறகு கம்பளி என்று விரித்தால் போதும். மூடி இறுகிய வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் ஹீட்டர் நினைப்பே வராது. விளக்குக்கு பவர்பேங்க்கில் எரியும் எல்.இ.டி. போதும். வண்டி பேட்டரியைத் தொடவேண்டாம். காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டுமே!

பல வண்டிகளில் டிக்கிக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அதனால் பக்கத்துக் கதவுக்குப் போகும் வழியையும் ஓட்டுநர் இருக்கையையும் சாமானால் அடைக்காதீர்கள்.

எங்கே நிறுத்துவது?

கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. பழனி மலையின் ஒரு பகுதி, 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். பேரிஜம் ஏரிக்கே பகலில்கூட வனத்துறை அனுமதி வேண்டும். ‘ஆஃப்-ரோடு’ வண்டிதானே என்று புல்வெளியில் இறக்கினால் சட்டமும் பாயும், சோலைக்குத் தண்ணீர் தரும் புல்லும் பாழாகும்.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தனியார் தோட்டங்களில் உரிமையாளரிடம் கேட்டு, கழிப்பறை வசதி இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவதே நல்லது. மரத்தடியும் மண்சரிவும் வேண்டாம். லேசான சரிவாக இருந்தால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் கொடுங்கள்.

ஊருக்குள்ளேயே காட்டெருமைகள் உலாவும். சாப்பிட்ட மிச்சத்தை வெளியே போட்டு அவற்றைக் கூப்பிட வேண்டாம். இரவில் இறங்குவதாக இருந்தால் முதலில் டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள்.

2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் அவசியம். வீட்டிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை. 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் பாட்டிலும் எடுத்துப் போனால் பிரச்னை இல்லை.

மெத்தை சரியில்லை என்றால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். காற்று வரும் வழி சரியில்லை என்றால் விடியலையே பார்க்க முடியாது. குளிருக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஜன்னல் அந்த இரண்டு விரல் அளவுக்குத் திறந்தே இருக்கட்டும்!