எமிஸ், டி.சி., எஸ்.எம்.சி... பள்ளியிலிருந்து வரும் மெசேஜில் இருப்பது என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுருக்கப் பெயர்கள் புதிதல்ல. துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம்., சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., ராத்திரி வரை நீளும் ஓ.டி. என எல்லாமே அத்துப்படி. ஆனால் பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'எமிஸ் அப்டேட் செய்யவும்', 'வெள்ளிக்கிழமை எஸ்.எம்.சி. கூட்டம்' என்று மெசேஜ் வந்தால், பலர் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வரும் நேரத்தில் யாரைக் கேட்பது? கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்ற கூச்சம் வேறு.

கூச்சப்பட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். இந்த எழுத்துகளுக்குப் பின்னால் சட்டம் தந்த உரிமையும், வங்கிக் கணக்குக்கு வரும் பணமும் இருக்கின்றன.

வீடு மாறினால்: எமிஸ், டி.சி.

தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர்கள் ஏராளம். கம்பெனி மாறினால் வீடு மாறும். வீடு மாறினால் பள்ளியும் மாறும்.

எமிஸ் என்பது தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் தனி எண் உண்டு. பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பள்ளி என எல்லா விவரமும் அதில் பதிவாகும். பிள்ளை பள்ளி மாறும்போது பழைய பள்ளி அந்தப் பெயரை 'காமன் பூல்' எனப்படும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறினால், பிள்ளை ஒரு பள்ளியிலும் பெயர் இன்னொரு பள்ளியிலும் இருக்கும். அதனால் கிளம்பும் முன் பள்ளியில் சொல்லிவிட்டு, எமிஸ் எண்ணைப் போனில் குறித்துக்கொள்வது நல்லது.

டி.சி. என்பது மாற்றுச் சான்றிதழ். அது கைக்கு வரவில்லை என்பதால் பிள்ளையைச் சில மாதம் வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளை அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறும்போது, டி.சி. தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆர்.டி.இ.யும் 7.5 சதவீதமும்

அந்தச் சட்டத்தின் சுருக்கப் பெயர்தான் ஆர்.டி.இ. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில், தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்கச் சொல்கிறது இது. ஆனால் இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதே பள்ளியில் படிக்கக் கட்டணம் கட்ட வேண்டிவரும். இதைச் சேர்க்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிக்கடி காதில் விழும் இன்னொன்று '7.5'. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தமிழக அரசு 2020இல் தந்த உள் ஒதுக்கீடு இது. 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஓ.டி. பணம் கையில் இருக்கிறதென்று ஏழாம் வகுப்பில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்து, கட்ட முடியாமல் ஒன்பதில் திரும்ப அரசுப் பள்ளிக்கு அழைத்துவந்தால், இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். ஆனால் ஆர்.டி.இ. இடத்தில் எட்டு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது உண்டு.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு

என்.எம்.எம்.எஸ். என்பது மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கடைசி நாள் மெசேஜைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மார்க்கிலும் ஒரு குழப்பம்

பிள்ளை 45 வாங்கி வந்தால் நூற்றுக்கு என்று நினைத்துத் திட்டிவிட வேண்டாம். எஃப்.ஏ. என்பது வளரறி மதிப்பீடு; வகுப்பில் செய்யும் செயல்பாடு, சிறு தேர்வுகளுக்கு 40 மதிப்பெண். எஸ்.ஏ. என்பது பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீடு, அதற்கு 60. அறுபதுக்கு 45 என்றால் நல்ல மதிப்பெண்தான்.

கூட்டத்துக்குப் போகலாமா?

எஸ்.எம்.சி. என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. பிள்ளையைப் பற்றிப் புகார் சொல்லக் கூப்பிடும் கூட்டம் அல்ல இது. சட்டப்படி இதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டம் போடுவதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கவனிப்பதும் இந்தக் குழுவின் வேலை. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். பி.டி.ஏ. எனப்படும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் சி.இ.ஓ. என்றால் தலைமைச் செயல் அதிகாரி. பள்ளிக் கல்வித்துறையில் அவர் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர். பி.இ.ஓ. என்பவர் வட்டாரக் கல்வி அலுவலர். எச்.எம். எனப்படும் தலைமை ஆசிரியரிடம் தீராத பிரச்சனைக்கு இவர்களை அணுகலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணிலும் கேட்கலாம்.

அடுத்த முறை புரியாத எழுத்தோடு மெசேஜ் வந்தால், "இது என்னங்க டீச்சர், இதுல எம் பையனுக்கு என்ன கிடைக்கும், எப்பங்க கடைசி நாள்?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாலே போதும். அதே சந்தேகத்தோடு குழுவில் சும்மா இருக்கும் மற்ற பெற்றோருக்கும் பதில் கிடைத்துவிடும்.