மலிவுப் பெட்டியா, விலை உயர்ந்த பெட்டியா? கேமராவும் மைக்கும் ஏற்றிச் செல்வோர் கவனத்திற்கு

திருமணப் படப்பிடிப்பு, கோயில் திருவிழா ஒலிபெருக்கி, நடன நிகழ்ச்சி ஒளிப்பதிவு, டுரோன் என்று நம் இளைஞர்கள் பலர் இன்று சொந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். கையில் இருக்கும் கேமராவும் லென்ஸும் பெரும்பாலும் தெக்குன் கடனிலோ தவணையிலோ வாங்கியவை. மழையில் நனைந்து அவை பழுதானாலும் மாதத் தவணை நிற்காது. அதனால்தான் பலரும் 'ஹார்ட் கேஸ்' எனப்படும் கடினப் பெட்டியைத் தேடுகிறார்கள். (பேழை என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. ஆனால் கடையில் போய்ப் பேழை கேட்டால் எடுத்துத் தர ஆளில்லை!)

தேடத் தொடங்கியதும் குழப்பம் வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கறுப்புப் பெட்டிகளில் ஒன்று நூறு, இருநூறு ரிங்கிட். மற்றொன்று ஆயிரத்தைத் தொடுகிறது. கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

முதலில் 'ஐபி 67' என்ற முத்திரையைப் புரிந்துகொள்வோம். முதல் எண் 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாம் எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பாதிக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகாது. இரண்டாம் எண் 5 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் உத்தரவாதம் இல்லை. மலிவுப் பெட்டிகளிலும் 67 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிடுவது சுலபம். எனவே வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் நீங்களே சோதித்துவிடுங்கள். காலிப் பெட்டிக்குள் டிஷ்யூ தாளைப் பரப்பி மூடி, தண்ணீர்த் தொட்டியில் கல்லை வைத்து அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். தாள் எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

தண்ணீரைத் தடுப்பது மூடி விளிம்பில் ஓடும் ரப்பர் வளையம். மலிவுப் பெட்டியில் இந்த வளையம் சீராக உட்காராமல் இருக்கலாம், மூடியே சற்று வளைந்திருக்கலாம். ஒரு துண்டுத் தாளை விளிம்பில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். கீலில் உள்ள ஊசி உலோகமா பிளாஸ்டிக்கா என்றும் பாருங்கள். லாரியில் ஏற்றி இறக்கும்போது முதலில் உடைவது கீலும் கொக்கியும்தான்.

நம் நாட்டில் மழையைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். இங்கே காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. லென்ஸுக்குள் பூஞ்சை படர அது போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்றுப் புகாத நல்ல பெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மழையில் நனைந்த கேமராவை அப்படியே வைத்துப் பூட்டினால் ஆயிரம் ரிங்கிட் பெட்டியே பூஞ்சை வளர்க்கும் பண்ணையாகிவிடும். துடைத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்டுத்தான் மூட வேண்டும். கசியும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டாலோ, அது ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி விரைவில் ஓய்ந்துவிடும். நாதஸ்வரம், தவில், உறுமி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மரமும் தோலும் வாசித்த ஈரத்தோடு அடைபடக் கூடாது.

அடுத்தது, பலர் கவனிக்காத காற்றழுத்த வால்வு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால், தானா ராத்தாவில் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. அங்கே பெட்டியைத் திறந்து மூடிவிட்டுக் கீழே இறங்கினால், வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பயணப் பை அளவுள்ள பெட்டி என்றால் அந்த அழுத்தம் நூறு கிலோவைத் தாண்டும். மூடியைத் திறக்கவே முடியாது. நல்ல பெட்டிகளில் வால்வு தானாகவே காற்றைச் சமன் செய்கிறது. மலிவானவற்றில் கையால் திருகும் குமிழ் இருக்கும். அதுவும் போதும், மறக்காமல் திருகினால்.

விலை உயர்ந்த பெட்டிகளில் பலரும் அறிந்தது பெலிகன். டேவ் பார்க்கரும் அவர் மனைவி ஆர்லினும் 1976-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் இது. ஆயுட்கால உத்தரவாதம் தருகிறார்கள். சுறா கடித்தாலோ, கரடி தாக்கினாலோ, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் சிக்கினாலோ அது செல்லாது என்று நகைச்சுவையாகவும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் உத்தரவாதம் பெட்டிக்குத்தான், உள்ளே இருக்கும் கேமராவுக்கு அல்ல. அதற்குக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும்.

எடையையும் கணக்கில் எடுங்கள். விமானத்தில் கையோடு கொண்டு போகும் அளவுள்ள பெலிகன் 1510 பெட்டி வெறுமனே 5 கிலோவுக்கு மேல். ஏர் ஆசியாவில் கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. ஒரு கேமராவை வைத்தாலே கணக்கு முடிந்தது. சரக்கில் போடலாம் என்றால், உதிரி லித்தியம் பேட்டரிகளை அதில் வைக்க அனுமதியில்லை. அவற்றைக் கையில்தான் கொண்டு போக வேண்டும்.

அப்படியானால் எதை வாங்குவது? என் கருத்து, எல்லாவற்றுக்கும் ஒரே தரத்தில் வாங்கத் தேவையில்லை. ஸ்டாண்டு, கேபிள், விளக்கு போன்றவற்றுக்கு மலிவுப் பெட்டி தாராளம். நனைந்தால் மறுநாள் கடையில் கிடைக்கும். தாலி கட்டும் காட்சி பதிவான மெமரி கார்டும் ஹார்டு டிஸ்கும் அப்படியல்ல. முகூர்த்தத்தை இன்னொரு முறை நடத்த முடியாது. கையடக்கமான ஒரு சிறிய தரமான பெட்டிக்குச் செலவு செய்தால் போதும். பெரிய பெட்டியை விட அது மிகக் குறைவு. கேமராவும் லென்ஸும் காரிலேயே ஊர் சுற்றுகிறது என்றால் மலிவுப் பெட்டியைச் சோதித்து வாங்கலாம். படகு, ஆற்றோரம், லாரி என்றால் நல்லதை வாங்குங்கள்.

பழைய பெட்டி வாங்குவதிலும் தவறில்லை. பெயர்பெற்ற நிறுவனங்களின் ரப்பர் வளையம், கொக்கி ஆகியவை தனியாகக் கிடைக்கின்றன. மலிவுப் பெட்டிக்குப் பெரும்பாலும் உதிரிபாகம் கிடைக்காது. பழையதில் உள்ளே இருக்கும் பஞ்சை மட்டும் விரலால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால், பிசுபிசுவென்று ஒட்டினால், நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அது மக்கிவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள்.

தொழில் செய்யாத வீடுகளுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது மக்கள் கூரைமேல் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்களை ரப்பர் வளையம் உள்ள சிறு பெட்டியில் வைத்தால் அது பெரும்பாலும் மிதக்கும். மேலே பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழியாத மையால் எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மூடும் முன் ரப்பர் வளையத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும்.